எண்ணெய்த் தீவாரின் வழக்கு

(தம்பிலுவிலில் அண்மையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை. வாசகர் பலரது வேண்டுகோளுக்கிணங்க முழுமையாக வெளியிடப்படுகிறது.)

பெரியோர்களே, தாய்மார்களே, அக்கரைப்பற்றிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வருகை தந்திருக்கும் முஸ்லிம் சகோதரர்களே,

கண்ணகை அம்மன் குளிர்த்தி முடிந்த கையோடு, சிறுபோக வயலுக்கு நீர் கட்டிவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பை நான் அறிவேன். காணிப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் நம்மில் ஒருவரும் கண்டிராத ஓர் ஊரின் காணியைப் பற்றி முதலிற் பேசுவதற்கு உங்கள் அனுமதியை வேண்டி நிற்கிறேன். பொத்துவில் பேச வேண்டிய இடத்தில் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஒரு தீவைப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள்.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கனடாவுக்குப் போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையுடன் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறிய நம்மவர் எண்பத்தொன்பது பேர் நடுக்கடலில் தத்தளித்தார்கள். வள்ளத்தில் நீர் புகுந்தது. பிரித்தானியக் கடற்படையினர் அவர்களை மீட்டு, அண்மையிலிருந்த ஒரு தீவிற் கரையேற்றினார்கள். டியேகோ கார்சியா என்பது அந்தத் தீவின் பெயர். கரையேறியவர்கள் உயிர் பிழைத்தோம் என்று தெய்வத்தை வணங்கியிருப்பார்கள். ஆனால், மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வேலி அடைத்த கூடார முகாமொன்றில், காவலாளர் கண்காணிப்பிற் கிடக்க நேரும் என்று அவர்கள் கனவிலும் கருதியிரார். எலிகளோடு குடியிருந்தார்கள். உண்ணாவிரதம் கிடந்தார்கள். உயிரை மாய்க்க முயன்றோரும் அவருள் உண்டு. ஈற்றில் 2024 டிசம்பரில் அவர்களிற் பெரும்பாலானோர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அதே மாதத்தில் அந்தப் பிரதேசத்து உயர் நீதிமன்றின் நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தமை சட்டவிரோதமான தடுத்துவைப்பே என்றும், பெயரொன்று தவிர மற்றெல்லாவற்றாலும் அம்முகாம் சிறையே என்றும் தீர்ப்பளித்தார்.

நம்மவர் செய்தியைப் பத்திரிகைகளிற் படித்தோம், வருந்தினோம், மறந்தோம். நான் மட்டும் ஒரு கேள்வியை மறக்க முடியாதிருந்தேன். அந்தத் தீவில் விமான ஓடுபாதை உண்டு, போர்க்கப்பற் துறை உண்டு, பட்டாளத்தார் உண்டு. ஊரவர் எங்கே? ஒரு தீவு என்றால் அங்கு ஓர் ஊர் இருக்க வேண்டாமா? ஒரு கோயிலோ பள்ளியோ சவக்காலையோ இருக்க வேண்டாமா?

இருந்தன, பெரியோர்களே. சவக்காலை இன்றும் இருக்கிறது. கோயிற் சுவர் இன்றும் நிற்கிறது. மனிதரைத்தான் எடுத்து அப்புறப்படுத்தினார்கள்.

டியேகோ கார்சியா சாகோஸ் என்னும் தீவுக் கூட்டத்தில் ஒன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பவளத் தீவுகள், மாலைதீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் தொடங்குகின்றன. கொழும்பிலிருந்து டியேகோ கார்சியா 1,800 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதை ஆண்ட மொறீசியசின் தலைநகரிலிருந்தோ 2,100-க்கு மேல். ஆகவே அத்தீவாருக்கு அவர்களை ஆண்டவர்களைக் காட்டிலும் நாமே அண்டை வீட்டார்.

போர்த்துக்கேய மாலுமிகள் பதினாறாம் நூற்றாண்டில் அத்தீவுகளைக் கண்டு, தங்கள் வரைபடத்திற் குறித்துவிட்டுப் போனார்கள். அப்போது அங்கு மனிதர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மொறீசியசைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்டம் போடும் நோக்கத்துடன் வந்தனர். 1786-இல் ஆங்கிலக் கம்பெனியார் பம்பாயிலிருந்து ஆள் அனுப்பி ஒரு குடியேற்றத்துக்கு முயன்று, அவ்வாண்டுக்குள்ளேயே கைவிட்டுத் திரும்பினர். பிரெஞ்சுத் துரைமாரோ மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளை இறக்கித் தென்னை நட்டார்கள். தொழுநோயாளரை அங்கே கொண்டுபோய் விட்டதும் உண்டு. நெப்போலியன் காலத்துப் போரில் 1810-இல் மொறீசியசு பிரித்தானியர் கைக்கு மாறிற்று. 1814-இல் பாரிஸ் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. மொறீசியசின் வாலைப் பிடித்துக்கொண்டு சாகோசும் மாறிற்று. கொடி மாறியதை அந்த அடிமைகளிடம் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தேங்காய் உரிக்கும் கணக்கு மாறவில்லையே!

1835-இல் மொறீசியசிலும் அதன் சார்புத் தீவுகளிலும் அடிமை முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பே, 1834-இல், இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றும் கைங்கரியம் ஆரம்பமாகிவிட்டது. மொறீசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுள் தென்னிந்தியத் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். அவர்களில் ஒரு சிறு தொகையினர் இந்தத் தென்னந் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். நம் மலையகத்துக்குக் கோப்பிக் காலத்தில் இராமநாதபுரத்தாரும் திருச்சிராப்பள்ளியாரும் நடந்து வந்த அதே காலம், அதே துரைத்தனம், அதே பஞ்சம்.

ஆபிரிக்கரும் மலகாசியரும் தமிழரும் ஒரே லயத்தில், ஒரே கொப்பறாக் கொட்டிலில், ஐந்து தலைமுறை கூடி வாழ்ந்தால் என்ன நிகழும்? ஒரு புதிய மக்கட் கூட்டம் உண்டாகும். அதுதான் நிகழ்ந்தது. பிரெஞ்சு மொழியைத் தங்கள் நாவுக்கு வளைத்துக் கிரியோல் என்ற மொழியைப் பேசினார்கள். கத்தோலிக்க கோயிலிற் பூசை கண்டார்கள். தேங்காய்ப் பாலில் மீனை வேகவைத்துச் 'செராஸ்' என்றார்கள். தென்னையிலிருந்து இறக்கிய பானத்தை என்ன சொன்னார்கள் என்று எண்ணுகிறீர்கள்? 'கலு' என்றார்கள். நமது கள்ளுத்தான்! பிரெஞ்சுக்காரனுக்குத் திராட்சை மது தெரியும். தென்னங் கள்ளுக்கு அவனிடம் சொல் இல்லை. சொல்லைத் தமிழன் கொடுத்தான். (இதைக் கேட்டுச் சபையில் இளைஞர் கைதட்டுகிறார்கள். மதுவிலக்குச் சங்கத்துப் பெரியவர் என்னை முறைக்கிறார். நான் சொல்லாராய்ச்சியாகவே கூறினேன் ஐயா!) மொறீசியசுக் கிரியோலில் முருங்கைக் கீரைக்கு இன்றும் 'முரும்' என்றே பெயர். வயலும் தோட்டமும் செய்பவன் போகுமிடமெல்லாம் விதையையும் சொல்லையும் மடியிற் கட்டிக்கொண்டுதான் போவான்.

சனிக்கிழமை இரவுகளில் அவர்கள் கூடி ஆடிய ஆட்டத்துக்குச் 'சேகா' என்று பெயர். அதற்குரிய தோல்வாத்தியத்தை அடிக்குமுன் தீயிற் காட்டிச் சூடேற்றுவார்கள். நம் ஊரிற் பறையைக் காய்ச்சி எடுப்பதைக் கண்ட எவருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சாகோசாரின் அந்தச் சேகாவை 2019-இல் ஐக்கிய நாடுகள் கல்வி விஞ்ஞானப் பண்பாட்டு நிறுவனம், அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. ஆட்டத்தைப் பாதுகாக்கப் பட்டியல் உண்டு. ஆடிய மண்ணைக் கேட்டால் பட்டாளத்துக்குரியது என்கிறார்கள்.

கலப்புப் பண்பாடு என்று கேட்டவுடன் நம்மிற் சிலர் முகத்தைச் சுளிக்கிறோம். சுளிக்குமுன் நமது வளவுக்குள்ளே பாருங்கள். இந்தக் கரையில் தமிழரும் குடி பார்த்துக் கலியாணம் பேசுகிறார்கள். முஸ்லிம்களும் குடி பார்த்துப் பேசுகிறார்கள். குடி இருவருக்கும் தாய் வழியால் வருவது. வீடும் வளவும் பெண் பிள்ளைக்கே என்பது இருவருக்கும் ஒரே வழக்கம். கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு மரைக்காயர். பெயர் வேறு, குடிவழி உரிமை ஒன்று. போடியாரின் வட்டையில் இரு சமூகத்தாரும் ஒரே வாய்க்கால் நீருக்கு முறை வைத்தார்கள். மட்டக்களப்பு நகரிலே 1628-இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை 1638-இல் ஒல்லாந்தர் துரத்தினார்கள். துரத்தப்பட்டவரின் பறங்கி வழித்தோன்றல்கள் தமிழுக்கு நடுவே இன்றும் தங்கள் கிரியோற் போர்த்துக்கேயத்தை முற்றாக விட்டுவிடவில்லை. புத்தளத்துக்கப்பால் சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சத்தார் 'மன்ஜா' பாடுகிறார்கள். நமது தீவையும் கடல்தான் இப்படிப் பிசைந்து வைத்திருக்கிறது. பிசைந்தவற்றைப் பிரித்தெடுக்கலாம் என்று எண்ணிய அரசியல் நமக்கு என்ன தந்தது என்பதை இந்தக் கரையில் 1990-இற்குப் பிறந்தவர்களுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை இங்கே நான் விரிக்க வரவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

1960-ஆம் ஆண்டளவில் மொறீசியசு சுதந்திரம் கேட்டது. அதே வேளையில் ஐக்கிய அமெரிக்க நாடுகள் இந்து சமுத்திரத்தில் ஒரு படைத்தளம் தேடின. 1965 செப்டெம்பரில் இலண்டன் லங்காஸ்டர் மாளிகையில் நடந்த அரசியல் திட்ட மாநாட்டில், சாகோசை விட்டுக்கொடுத்தால் சுதந்திரமும் மூன்று மில்லியன் பவுண் நட்டஈடும் வரும் என்ற நிலைமை மொறீசியசுத் தலைவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் தலையசைத்தார்கள். கழுத்திற் கைவைத்திருப்பவனுக்குத் தலையசைப்பது சம்மதமாகுமா என்பதுதான் ஐம்பத்துநான்கு ஆண்டுகளின் பின் சர்வதேச நீதிமன்று தீர்மானித்த விடயம். 1965 நவம்பர் 8-ஆம் நாள், பாராளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பும் இன்றி, அரசியின் பேரால் பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளை சாகோசையும், சீசெல்சுக்குரிய மூன்று தீவுகளையும் அறுத்தெடுத்து 'பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம்' என்ற புதிய குடியேற்ற நாட்டைப் படைத்தது. குடியேற்ற நாடுகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் ஒன்று புதிதாகப் பிறந்தது! சீசெல்சின் மூன்று தீவுகளை 1976-இல் திருப்பிக் கொடுத்தார்கள். சாகோசைக் கொடுக்கவில்லை. 1966 டிசம்பர் 30-இல் அமெரிக்காவோடு ஐம்பது ஆண்டு உடன்பாடு எழுதினார்கள். அதற்கு ஈடாகப் பொலாரிஸ் ஏவுகணை விலையில் 14 மில்லியன் டொலர் இரகசியமாகக் கழித்துக்கொள்ளப்பட்டது. அமெரிக்கக் காங்கிரசுக்கும் தெரியாது. பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கும் தெரியாது. தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73-ஆம் உறுப்புரை, தன்னாட்சி பெறாத ஒரு பிரதேசத்தில் மக்கள் இருந்தால், அம்மக்களின் நலனே முதன்மையானது என்கிறது. ஆளுகின்ற நாடு அவர்களைப் பற்றி ஐக்கிய நாடுகளுக்கு அறிக்கை கொடுக்கவேண்டும் என்கிறது. மக்கள் இருந்தால்! அங்கே ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட மக்கள் இருந்தார்கள். ஆகவே இலண்டன் உத்தியோகத்தர் ஒரு வழி கண்டார்கள். அங்கிருப்போர் ஊரவர் அல்லர். தோட்டக் கம்பெனியின் ஒப்பந்தக் கூலிகள். வந்தவர்கள், போகக்கூடியவர்கள் என்று எழுதினார்கள். 1966-இல் ஓர் உயர் உத்தியோகத்தர் அம்மக்களை டார்சான்கள் என்றும் கதைப்புத்தகத்துத் தீவடிமைகள் என்றும் பரிகசித்துக் குறிப்பெழுதினார். 1970-இல் ஒரு சட்ட ஆலோசகர், 'புனைவைப் பேணுதல்' என்ற தலையங்கத்தின் கீழேயே ஆலோசனை வழங்கினார். நான் மிகைப்படுத்தவில்லை. அவர்களது சொந்தக் கோவைகளிலிருந்து பின்னர் நீதிமன்றிலே வெளிவந்தவை இவை.

ஐந்து தலைமுறையாகப் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, மணம் முடித்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 'வந்தவர்கள்' ஆனார்கள். இந்த வாதத்தை முன்னெங்கோ கேட்டதுபோல இருக்கிறதல்லவா?

ஆம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் நாம் கேட்டோம். தேயிலை நட்டவன், இறப்பர் வெட்டியவன், தெருவும் புகையிரதப் பாதையும் போட்டவன், தந்தையும் பாட்டனும் இந்த மண்ணிலேயே எருவானவன், ஒரே நாளில் 'வந்தவன்' ஆனான். சோல்பரி அரசியல் திட்டத்தின் 29-ஆம் பிரிவு, இலங்கையின் சமாதானத்துக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்குமாகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொடுத்தது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யலாகாது என்றது. அதை நம்பிக் கோடகன் பிள்ளை வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. 1953-இல் பிரபுக்கள் அது இனத்துக்கு எதிரான சட்டமன்று, குடியுரிமை பற்றிய சட்டமே என்று கைவிரித்துவிட்டார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கைப் பின்னர் பார்ப்போம் என்று வைத்தார்கள், கொப்பறா மூடைகளைப்போல.

அந்தச் 'சமாதானம், ஒழுங்கு, நல்லாட்சி' என்ற சொற்களை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் வருவேன்.

1967-இல் தோட்டக் கம்பெனியை அரசாங்கம் 660,000 பவுணுக்கு வாங்கிற்று. முதலில் அரிசிக் கப்பலைச் சுருக்கினார்கள். வைத்தியத்துக்கென்று மொறீசியசுக்குப் போனவர்களைத் திரும்பக் கப்பலேற்ற மறுத்தார்கள். பெறோஸ் பான்ஹோஸ் தீவைச் சேர்ந்த ரீட்டா பான்கூல் என்ற தாய், வண்டிச் சில்லில் அகப்பட்டுக் கால் நசுங்கிய தன் பெண் குழந்தையை 1968-இல் மொறீசியசுக்கு எடுத்துச் சென்றாள். குழந்தை இறந்தது. துக்கத்தோடு துறைமுகத்துக்குச் சென்று கப்பலுக்குச் சீட்டுக் கேட்டவளுக்கு, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று விடை கிடைத்தது. அப்போது அவளோடு இருந்த நான்கு வயதுச் சிறுவனின் பெயர் ஒலிவியர். அந்தப் பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

1971-இல் டியேகோ கார்சியாவை முற்றாகக் காலி செய்தார்கள். அதற்கு முன்பு ஊரவரின் வளர்ப்பு நாய்களைப் பிடித்து, கொப்பறா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று அஞ்சியவர்கள், ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக 'நோர்ட்வேர்' என்ற சரக்குக் கப்பலில் ஏறினார்கள். குதிரைகளை மேற்தட்டில் நிறுத்தி, மனிதரைக் கீழே எரு மூடைகளின் மேற் கிடத்திக் கொண்டுபோனதாக ஏறியவர்கள் சாட்சியம் கூறியிருக்கிறார்கள். 1972-இல் சாலமன் தீவு காலியானது. 1973-இல் பெறோஸ் பான்ஹோசும் காலியானது. மொறீசியசிலும் சீசெல்சிலும் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போயிற்று. வீடில்லை, வேலையில்லை. தென்னையும் மீனும் தெரிந்தவனுக்குப் பட்டினத்துச் சேரியில் என்ன தொழில்? பலர் நோயென்று பெயர் சொல்ல முடியாத ஒன்றினால் இறந்தார்கள். அதைக் கிரியோலிற் 'சாக்ரேன்' என்கிறார்கள். நம் தாய்மார் 'ஏங்கிச் செத்தாள்' என்பார்களே, அதுதான்.

இங்கே ஒரு வரலாற்று விநோதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டியேகோ கார்சியா காலியான அதே 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 16-இல், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறிற்று. அதை முன்னின்று கொண்டுவந்தது நமது நாடு. பாராட்டத்தக்க செயலே. ஆயினும் அந்தச் சமாதானத்துக்காகப் பேசிய அரசாங்கம், அதே ஆண்டுகளில், தலைமன்னார்த் துறையிலிருந்து மலையகத்தாரைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டுக் குடியரசு அரசியல் திட்டத்தில் 29-ஆம் பிரிவையும் காணோம்.

சாகோசார் சும்மா இருக்கவில்லை. 1975-இல் இலண்டன் மேல் நீதிமன்றில் முதல் வழக்கைத் தொடுத்தவர், 1971-இல் டியேகோ கார்சியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மிஷெல் வென்கடசன் என்பவர். பிரெஞ்சு உச்சரிப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள்: வேங்கடேசன்! எந்தக் கிராமத்துப் பாட்டனாரின் பெயரோ, கூலிக் கப்பலேறி, தென்னந்தோட்டத்தில் உரு மாறி, ஈற்றில் பிரித்தானிய அரசாங்கத்துக்கு எதிரான வழக்கேட்டில் வாதியின் பெயராக ஏறியது. தமிழ் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனாலென்ன?

அவ்வழக்கு 1982-இல் சமரசமாயிற்று. பிரித்தானியா நான்கு மில்லியன் பவுண் கொடுத்தது. தலைக்குப் பிரித்தால் மூவாயிரம் பவுணுக்கும் குறைவு. பணத்தைப் பெற வந்தவர்களிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று அது ஆங்கிலச் சட்ட மொழியிற் கூறிற்று. எழுத்தறியாத பெண்கள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். தீவுக்குத் திரும்பும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று எங்களுக்கு எவரும் வாசித்துக் காட்டவில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் கதறினார்கள்.

பெரியோர்களே, இந்தப் பெருவிரலைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் உங்களைக் கடலில் அழைத்து வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தெற்கே ஒரு வட்டையில் அவருக்கு இரண்டேக்கர் மேட்டுக் காணி. கலவரத்தில் எழுந்து ஓடினார். முகாம்களிற் கிடந்தார். திரும்பி வந்தபோது காணியில் மரம் வளர்ந்திருந்தது. மரம் வளர்ந்தால் காடு. காடு என்றால் அரசினது. பெர்மிட் எங்கே என்று கேட்டார்கள். கறையான் தின்றதில் மிஞ்சிய அரைத் தாளைக் காட்டினார். ஒரு கந்தோரில், இதில் ஒப்பமிட்டால் வேறிடத்தில் காணி தருவோம் என்று தெரியாத மொழியில் எழுதிய கடதாசியை நீட்டினார்கள். பெருவிரலை வைத்துவிட்டார். என்னிடம் கொண்டுவந்தது அந்தக் கடதாசியின் பிரதியைத்தான். முந்திய காணியில் எனக்கு உரித்து ஏதும் இருந்ததில்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்! அவர் இன்று இல்லை. வேறிடத்துக் காணியும் இன்றுவரை இல்லை. நான் வழக்கறிஞன், அந்தத் தாளைப் படித்துச் சொல்வதைத் தவிர அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. படித்துச் சொல்லும் ஒருவன் ஒரு கிழமை முந்தி அவர் அருகில் இருந்திருக்கவேண்டும்.

தீவுக் கதைக்குத் திரும்புகிறேன். அந்த நான்கு வயதுச் சிறுவன் வளர்ந்தான். மின்சாரத் தொழிலாளியானான். ஒலிவியர் பான்கூல் என்ற பெயரில் பிரித்தானிய அரசாங்கத்தை நீதிமன்றுக்கு இழுத்தான். 2000 நவம்பர் 3-ஆம் நாள் இலண்டன் மேல் நீதிமன்று, சாகோசாரைப் புறத்தள்ளிய 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டளைச் சட்டத்தின் பிரிவைச் செல்லாததென்று தள்ளிற்று. காரணம் என்ன? 'சமாதானம், ஒழுங்கு, நல்லாட்சி' என்ற அதே சொற்கள்! ஒரு மக்கட் கூட்டத்தை ஆள்வதற்காகக் கொடுத்த அதிகாரத்தை, அம்மக்களையே நாட்டை விட்டு அகற்றுவதற்குப் பயன்படுத்தலாகாது என்று நியாயாதிபதிகள் கூறினார்கள். நமக்கு 1953-இற் கதவடைத்த மொழி, ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின் வேறொருவருக்குக் கதவு திறந்தது. சட்டப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள் என்று இளைய சட்டத்தரணிகளிடம் நான் ஓயாமற் சொல்வது இதனாலேதான்.

வெற்றி நிலைத்ததா? இல்லை. 2004 ஜூனில், மீண்டும் பாராளுமன்றத்தைக் கேளாது, அரசியின் கட்டளையொன்றால் திரும்பும் உரிமையை அடைத்தார்கள். கீழ் நீதிமன்றுகள் இரண்டும் அதையும் தள்ளின. 2008 அக்டோபர் 22-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தது. ஒரேயொரு நியாயாதிபதியின் மனம்! 2010-இல் அந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட வலயமாக அறிவித்தார்கள். மீனுக்கும் பவளத்துக்கும் இடமுண்டு, மீனவனுக்கு இல்லை என்றாயிற்று. 2015-இல் கடற்சட்ட நடுவர் மன்று அந்த அறிவிப்பு சட்டத்துக்கு முரண் என்றது. வனமென்றும் சரணாலயமென்றும் பெயர் சூட்டி மனிதரை வெளியே நிறுத்தும் வித்தை நமது கரைக்கு மட்டும் உரியதன்று என்று கண்டுகொள்ளுங்கள்.

2019 பெப்ரவரி 25-இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்று, பதின்மூன்று நீதிபதிகளுக்கு ஒருவர் மாறாக, தன் ஆலோசனைக் கருத்தை வழங்கிற்று. 1965-இல் சாகோசைப் பிரித்தெடுத்தது அம்மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின்மேல் நடந்ததன்று. மொறீசியசின் விடுதலை சட்டப்படி முற்றுப்பெறவில்லை. பிரித்தானியா கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்றது. அவ்வாண்டு மே 22-இல் பொதுச்சபை 116 வாக்குகளால் அதை ஏற்றது. எதிர்த்தவர் ஆறு நாட்டார். சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 மே 22-இல், தீவுகளின் இறைமையை மொறீசியசுக்கு ஒப்படைத்து, டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் உடன்படிக்கையிற் பிரித்தானியா ஒப்பமிட்டது. மற்றைய தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொறீசியசுக்கு அது இடமளிக்கிறது. ஆனால் படைத்தளம் இருக்கும் தீவில் பிறந்தவர்களுக்கு?

அதைவிட வேதனையானது, ஒப்பமிட்ட மேசையில் சாகோசார் இருக்கவில்லை என்பது. ஒருபுறம் இலண்டன், மறுபுறம் போர்ட் லூயி. எவருடைய காணியோ அவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குள்ளும் பிரிவு உண்டு. பான்கூல் போன்றோர் மொறீசியசோடு நின்று வரவேற்றார்கள். இங்கிலாந்தின் குரோலி நகரத்திற் குடியேறிய பலர், எங்களைக் கேளாமல் எங்களைக் கைமாற்றுகிறீர்களே என்று எதிர்த்து வழக்காடினார்கள். இரு சாராரிலும் நான் குறை காணமாட்டேன். அரை நூற்றாண்டு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் ஒரே குரலிற் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் அந்தப் பிளவு பேரம் பேசியவர்களுக்கு வசதியாயிற்று என்பதை மட்டும், இந்தச் சபையில் முன்வரிசையில் தனித்தனியே அமர்ந்திருக்கும் இரு சமூகத் தலைவர்களுக்கும் பணிவோடு கூறி வைக்கிறேன்.

முகாமிற் கிடந்த நம் எண்பத்தொன்பது பேரின் வழக்கிலும் ஒரு செய்தி இருக்கிறது. 2024-இல் அவர்களது விசாரணை டியேகோ கார்சியாவிலேயே நடந்தது. அமெரிக்கப் படையினர் ஜூலையில் வழக்கறிஞர்களையும் நீதிபதியையும் உள்ளே விட மறுத்தார்கள். செப்டெம்பரில் விட்டார்கள். ஊரவர் எவரும் இல்லை என்று ஐம்பது ஆண்டுகளாக உலகுக்குச் சொல்லப்பட்ட தீவில் நீதிமன்று கூடிற்று. தமிழர் சாட்சியம் சொன்னார்கள். தங்களுக்கு முன்பு அங்கிருந்து ஏற்றப்பட்டவர்களுள் ஒரு வேங்கடேசனும் இருந்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கூட்டம் கலையுமுன் ஒரு வேண்டுகோள். மேடைக்கு இடப்பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் மூவர், தமிழ்ப் பிள்ளைகள் இருவரும் முஸ்லிம் பிள்ளை ஒருவரும், அங்கே அமர்ந்திருக்கிறார்கள். உறுதி, பெர்மிட், வரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஊர்ப்பெயர் எழுதிய தாள், எதுவாயினும் கொண்டுவாருங்கள். கறையான் தின்ற அரைத் தாளாயினும் சரி. படம் பிடித்து, எண்ணிட்டு, மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். எங்கும் கையொப்பமோ பெருவிரலோ கேட்கமாட்டார்கள். அடுத்த ஞாயிறு காலை திருக்கோவிலிலும், அதற்கடுத்த சனி பின்னேரம் அக்கரைப்பற்றிலும் இதே மேசை இருக்கும்.